பழகிய பூனையும் வளர்ப்பினப் பூனையும்: இரு அகழாய்வுச் சான்றுகள்

வீட்டுப் பூனையின் தோற்றம் பற்றிய எழுத்துகளில் ‘பழக்குதல்’, ‘வளர்ப்பினமாதல்’ என்னும் இரண்டும் ஒரு பொருட்சொற்கள்போல ஆளப்படுவதுண்டு. முன்னது ஒரு தனி விலங்கின் வாழ்நாளோடு முடிவது. பின்னது தலைமுறைகளின் வழியே மரபில் நிலைபெறுவது. இவ்வேறுபாட்டை நெகிழவிட்டால் சான்றுகள் தம் அளவுக்கு மீறிப் பேசத் தொடங்கிவிடும்.

சீனத்தின் சென்சி மாகாணத்திலுள்ள சுவான்ஹூசுன் என்னும் அகழாய்விடத்தில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பூனை எலும்புகள் கிடைத்தன. அவற்றின் கரிம, நைட்ரசன் ஓரிடத்தான்களை ஆராய்ந்தவர்கள், சிறுதானியத்தை உண்ட சிற்றுயிர்களே அப்பூனைகளுக்கு இரையாயின என்று கண்டனர். ஒரு பூனை பல் தேயும் முதுமைவரை வாழ்ந்திருந்தது. மற்றொன்றின் உணவில், பூனைக்கு இயல்பல்லாத வகையில், ஊன் குறைந்து தானியம் மிகுந்திருந்தது. மனிதர் உணவிட்டிருக்கலாம் என்று கருத இது இடந்தந்தது. களஞ்சியம், எலி, பூனை என்னும் தொடர்பு இவ்வாறு புலப்படவே, வளர்ப்பினமாதலின் தொடக்கநிலை இதுவெனக் கொள்ளப்பட்டது.

2016இல் தாடையெலும்புகளின் வடிவத்தை நுட்பமாக அளந்து ஒப்பிட்டபோது, அவை சிறுத்தைப் பூனைக்கு உரியவை என்பது தெரியவந்தது. இன்றைய வீட்டுப் பூனையோ ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007இல் வெளிவந்த ஆய்வு இதனை நிறுவியிருந்தது. சுவான்ஹூசுன் பூனைகளின் உணவு பற்றிய முடிவு பிழையன்று. மனிதரை அண்டி வாழ்ந்ததைக் கொண்டு வழித்தோன்றலை ஊகித்ததே பிழை.

இதே அளவுகோலைச் சைப்பிரசு தீவின் புகழ்பெற்ற புதைகுழிக்கும் பொருத்துதல் வேண்டும். ஷில்லூரோகம்போசு என்னுமிடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன், ஒரு மனிதரின் அருகே 40 சென்டிமீட்டர் தொலைவில், எட்டு மாத அகவையுடைய பூனையொன்று புதைக்கப்பட்டிருந்தது. ழான் தெனி வீஞ் குழுவினர் 2004இல் இதனை வெளியிட்டனர். (2016 ஆய்வை முன்னின்று நடத்தியவரும் இவரே.) அத்தீவிற்குப் பூனை இயற்கையாக உரியதன்று, ஆதலின் படகில் கொண்டுவரப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் நரிகளும் அவ்வாறே கொண்டுவரப்பட்டன, அவை வளர்ப்பினமாகவில்லை.

மேலும், காட்டுப்பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் எலும்பமைப்பில் வேறுபாடு மிகச் சிறிது. பெரும்பாலான வீட்டுப் பூனைகள் இன்றும் தம் இணையைத் தாமே தேடிக்கொள்கின்றன. மனிதத் தெரிவு ஆழ்ந்து பதியாமைக்கு இதுவும் ஒரு காரணம். சைப்பிரசுப் பூனையின் எலும்புகளும் காட்டுப்பூனையையே ஒத்துள்ளன. எனவே அதனைப் ‘பழகிய காட்டுப்பூனை’ எனக் குறித்தலே தகும். ‘முதல் வீட்டுப் பூனை’ என்னும் வழக்கிற்கு அப்புதைகுழி மட்டும் ஆதாரமாகாது.