மாதிரி ரயில் தளம்: ஜொகூர் நிலக்காட்சியும் மலிவுப் பொருள்களும்

மாதிரி ரயில் தளம் என்பது உண்மை ரயிலையும் அது ஓடும் நாட்டையும் ஒரே விகிதத்தில் சுருக்கி மேசைமேல் எழுப்பும் அமைப்பு. இஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் கடைக்காரரிடம் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். மண், மரம், வீடு, வேலி, தந்திக்கம்பம் என்று மீதமுள்ள அத்தனையும் நிலக்காட்சி. ஜொகூர் மாநிலப் பாதையைச் சுருக்க நினைப்பவர் நிலக்காட்சியையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் வெறுங்கையோடு திரும்புவார். ஐரோப்பிய, அமெரிக்கப் பொட்டலங்களில் ஊசியிலை மரங்களும் மாடு மேயும் பசும்புல்லும்தான் அதிகம். வயது முதிர்ந்த செம்பனையும் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) கட்டிய பால்மரமும் அவற்றில் கிடைப்பது அரிது. எனவே இங்கே கைவேலை செலவைக் குறைப்பதோடு, காட்சியை ஊரைப்போல ஆக்குவதற்கும் ஏற்ற வழியாகிறது.

சுருக்குவதற்கு உரிய பாதை எது என்பதில் குழப்பமில்லை. கிம்மாஸிலிருந்து சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 193 கிலோமீட்டர் நீளும் இந்த மீட்டர் அகலப் பாதை 1909இல் முழுமையடைந்தது. மலாயாத் தீபகற்பத்தின் ரயில் பாதைகளில் மண் வெட்டியும் கட்டை சுமந்தும் உழைத்தவர்களில் தமிழர் பெருந்தொகையினர். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். தண்டவாளத்தின் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. பின்னர் அவற்றில் பல செம்பனைக்கு மாறின. 1950களைக் காட்டுபவருக்குப் பால்மரமும் 1990களைக் காட்டுபவருக்குச் செம்பனையும் வேண்டும். ஆண்டை முடிவு செய்யாமல் மரம் நட்டால் தளம் பொய் சொல்லும்.

விகிதத்தில் ஒரு சிக்கல் உண்டு. உலகில் மிகப் பரவலானது 1:87. வீடுகளில் இடம் குறைந்த ஜப்பானில் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:150 ஓடுகிறது. மலாயாவின் மீட்டர் அகலத்தை 1:150இல் நேர்மையாகச் சுருக்கினால் 6.7 மில்லிமீட்டர்தான் வரும். ஆனாலும் 9 மில்லிமீட்டர்ப் பாதை எளிதில் கிடைப்பதால் அந்த அகலக் கூடுதலைக் கண்டுகொள்ளாமல் விடுவதே சிக்கனம். கண் தண்டவாள அகலத்தை அளந்துகொண்டிருப்பதில்லை. மரங்கள் நிற்கும் வரிசையை மட்டும் சட்டென்று பிடித்துவிடும்.

அந்த வரிசைதான் செலவுக் கணக்கைத் தீர்மானிக்கிறது. செம்பனையை மும்முனையாக 9 மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கம். அந்தக் கணக்கில் ஹெக்டேருக்குச் சுமார் 143 மரங்கள். 1:150இல் ஒரு ஹெக்டேர் 67 சென்டிமீட்டர்ச் சதுரமாகிவிடும். மரத்துக்கு மரம் 6 சென்டிமீட்டர். நாலடிக்கு இரண்டடிப் பலகையில் பாதியைத் தோட்டமாக்கினாலே நூற்றுக்கு மேற்பட்ட மரங்கள் தேவை. மரம் ஒன்றை ஐந்து வெள்ளிக்கு வாங்கினால்கூட கணக்கு ஐந்நூறைத் தாண்டும்.

நூறு மரங்களுக்கும் அடிமரமாகச் சத்தே குச்சிகள் உதவுகின்றன. 3 மில்லிமீட்டர் மூங்கில் குச்சி 1:150இல் 45 சென்டிமீட்டர்த் தடிமனுக்குச் சமம், அதாவது செம்பனை அடிமரத்துக்கு நெருங்கிய பருமன். 12 மீட்டர் உயர்ந்த கிழமரத்துக்கு 8 சென்டிமீட்டர் போதும். வெறும் குச்சியாக விட்டால் அது கொடிமரம்போல நிற்கும். உண்மை மரத்தில் வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதிகள் உடம்பெங்கும் ஒட்டியிருக்கும்; அவற்றின் இடுக்குகளில் பெரணி முளைத்திருக்கும். சணல் கயிற்றைப் பிரித்துப் பசை தடவிக் குச்சியில் சுற்றி, பச்சைத் தூளை ஆங்காங்கே தூவினால் அந்தச் சொரசொரப்பு வந்துவிடும். மட்டைக்கு நாலைந்து சென்டிமீட்டர் நீளத்தில் காகிதத் துண்டு. நடுவில் மடித்து, ஓரங்களைச் சாய்வாக நறுக்கி, நுனியைக் கீழே வளைக்கவேண்டும். உண்மை மரத்தில் நாற்பது மட்டைகள்வரை இருந்தாலும் பத்துப் பன்னிரண்டே கண்ணை நிறைத்துவிடும். கோழியிறகை நறுக்கிச் சாயம் ஏற்றுபவர்களும் உண்டு. இறகின் நடுத்தண்டும் இழைகளும் மட்டைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. கீழ்மட்டைகள் ஒன்றிரண்டைப் பழுப்பாக்கித் தொங்கவிட்டால் தோட்டத்தில் பிறந்தவர்கூடக் குறை சொல்லமாட்டார்.

பால்மரம் செய்வது இதைவிட எளிது. பல்குச்சி அல்லது மெல்லிய சுள்ளி, உச்சியில் பச்சைப் பஞ்சு, சாம்பல் பட்டையில் வெளிறிய சாய்கோடு, அதன் கீழே மங்குக்காக வெள்ளைப் புள்ளி. மரங்கள் நிரை தவறாமல் நிற்கவேண்டும். ரயில் போகும்போது நிரைகள் விசிறிபோல விரிந்து மூடும் காட்சியே ரப்பர்த் தோட்டத்தின் அடையாளம்.

மண்ணுக்குக் குளுவாங் ஒரு வழி காட்டுகிறது. அந்த நிலையத்தின் சிற்றுண்டிக்கடை 1938 முதல் கோப்பிக்கும் ரொட்டிக்கும் பேர்போனது. கோப்பி ஊற்றியபின் வடிதுணியில் எஞ்சும் சக்கை, ஈரமான தோட்டத்து மண்ணின் நிறத்தை அப்படியே கொண்டது. ஜொகூரின் செம்மண் வேண்டுமானால் உடைந்த செங்கல்லை இடித்துச் சலித்த தூளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்க்கிட் செடிக்காக விற்கும் தேங்காய் நார்த்தூள் காட்டுத் தரைக்கு உகந்தது. கோப்பிச் சக்கையை வெயிலில் உலர்த்தினால் போதாது, வாணலியில் வறுத்தே தீரவேண்டும். ஈரம் தங்கினால் இரண்டே வாரத்தில் தோட்டமெங்கும் பூஞ்சை பூக்கும்.

ஜல்லிக்குச் சலித்த மணல். 5 சென்டிமீட்டர்க் கல் 1:150இல் மூன்றில் ஒரு மில்லிமீட்டராகச் சிறுத்துவிடுவதால் தேநீர் வடிகட்டியில் தங்கும் பருக்கைகூட இங்கே பாறைதான். பழைய நைலான் காலுறை சரியான சல்லடை. கடற்கரை மணலென்றால் உப்புப் போகக் கழுவவேண்டும், இல்லையேல் தண்டவாளம் கறுக்கும். மணல்மேல் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை எடுக்காதவர்கள் பிறகு இஞ்சின் மோட்டாரைப் பிரித்துத் துகள் பொறுக்குவார்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையும் நீரும் சரிபாதி, அதோடு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்துமுத்தாக உருளும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஜிங்க் கூரையில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. நெளிதகட்டின் அலைக்கு அலை 76 மில்லிமீட்டர். 1:150இல் அது அரை மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர்த் திருகாணியின் மரை இடைவெளியும் அதே அரை மில்லிமீட்டர்! சமையல் அலுமினியத் தாளை ரப்பர்ப் பாயில் விரித்து, நீளத் திருகாணியை அழுத்தி உருட்டினால் கூரை தயார். 1:87 அளவில் கட்டுபவருக்கு 5 மில்லிமீட்டர்த் திருகாணி ஒத்துவரும். துருவுக்கு ஆரஞ்சு, பழுப்புச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பூசினால் போதும். சுவர்களுக்குப் பிஸ்கட் பெட்டி அட்டை. கொடியில் காயும் சேலைக்கு வண்ண மெல்லிழைத்தாள். தந்திக்கம்பத்துக்குச் சாமிக்கு ஏற்றி எரிந்து மிஞ்சிய ஊதுபத்தியின் அடிக்குச்சி. லயத்தின் மூலையில் முனியாண்டிக்கு ஒரு மேடையும் தொலைபேசிக் கம்பியின் செப்பிழையில் முறுக்கிய சூலமும் வைத்தால், அது எந்த நாட்டுத் தோட்டம், யாருடைய வீடு என்று விளக்கப் பலகை எழுத வேண்டியதில்லை.

ஜொகூர் பாருவில் ரயில் பாதையை ஒட்டியுள்ள அருள்மிகு ராஜகாளியம்மன் கோவில் கைவேலைக்காரருக்கு வேறொரு சவால். 1922இல் சிறு கொட்டகையாகத் தொடங்கிய இக்கோவிலை 2009இல் சுமார் 3,00,000 கண்ணாடித் துண்டுகளால் இழைத்துக் கண்ணாடிக் கோவிலாக்கினர். அவற்றை எண்ணிப் பதிப்பது நடவாத காரியம். பழைய குறுந்தகட்டின் மினுங்கும் படலத்தைப் பசைநாடாவால் உரித்தெடுத்து நறுக்கினால் வானவில் ஒளி கிடைக்கும். செலவின் எதிர்முனையைப் பார்க்க விரும்புபவர் இஸ்கண்டார் புத்ரிக்குப் போகலாம். அங்கே 2012இல் திறந்த லெகோலேண்ட் பூங்காவின் மினிலேண்ட் பகுதி ஆசியாவின் புகழ்பெற்ற கட்டடங்களை லெகோ கட்டைகளாலேயே 1:20 விகிதத்தில் எழுப்பியிருக்கிறது.

பழைய பொருள்களில் காட்சி கட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சாயமிட்ட மரத்தூள் நெடுங்காலம் புல்லாக இருந்தது. அமெரிக்க இதழாசிரியர் லின் வெஸ்ட்காட், காகிதத் துவாலையைச் சுண்ணச்சாந்தில் தோய்த்துப் போர்த்தி மலை எழுப்பும் முறையைப் பரப்பினார். பிற்காலத்தில் அரைத்த நுரைத்தூள் பொட்டலங்களில் விலைக்கு வந்தது. சமையலறைப் பஞ்சையும் பச்சைச் சாயத்தையும் ஒரு பழைய பிளெண்டரில் போட்டால் அதே தூள்தான். பிறகு அந்தப் பிளெண்டரைச் சமையலுக்குக் கேட்கக்கூடாது. லாலான் புல்லை நிமிர்த்தி நட மின்புலம் வேண்டும். கொசு அடிக்கும் மின்மட்டையின் ஒரு முனையை உலோகச் சல்லடைக்கும் மறுமுனையைப் பசை தடவிய தரைக்கும் இணைத்தால், சல்லடையிலிருந்து உதிரும் நைலான் இழைகள் விறைப்பாக நிற்கும். மின்மட்டையின் அதிர்ச்சி கொசுவுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் மின் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஜொகூரின் ஈரத்துக்கும் பூச்சிக்கும் தளம் கட்டுவோர் அஞ்சத்தான் வேண்டும். பிற்பாடு சுல்தானான அபு பக்கார் 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாயை நோக்கி மரத்தாலேயே தண்டவாளம் போடத் தொடங்கினார். கறையான் அரிக்க, அந்த முயற்சி கைவிடப்பட்டது. அட்டை லயத்துக்கும் மூங்கில் செம்பனைக்கும் அதே எதிரிதான். மாவுப் பசையைத் தொடவே கூடாது, அது கரப்பானுக்கு விருந்து. பசைநீரில் மருத்துவச் சாராயம் கலந்தால் பூஞ்சை தாமதப்படும். பலகையின் அடியை எண்ணெய்ச் சாயத்தால் மூடி, மேசைக் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது பாட்டிமார் அலமாரிக்குச் செய்த அதே வேலை.

நீர்ப்பரப்புக்கு வெள்ளைப் பசையை நம்பக்கூடாது. மழைக்காலத்தில் அது பாலாகக் கலங்கும். ஜொகூர் நீரிணைக்குப் பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பானது. அதன்மேல் பாலம் கட்டுவதில் வேறொரு தொல்லை. 1923இல் ரயில் ஓடத் தொடங்கிய கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர், 1:150இல் 7 மீட்டருக்கும் சற்று அதிகம். அத்தனை நீளச் சுவர் உள்ள வீடு அரிது என்பதால் ஒரு மீட்டரோடு பாலத்தை நிறுத்தி, சிங்கப்பூர்க் கரையைப் பின்திரையில் வரைந்து, தண்டவாளத்தைத் துளைவழியே மறைத்துவிடுவார்கள். 2011 ஜூன் 30க்குமுன் நிகழ்வதாகத் தளம் அமைத்தவர் துளைக்கு அப்பால் தஞ்சோங் பகார்வரை போகும் ரயிலுக்காக ஒரு மறைவுப் பாதை வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குப் பிந்திய காலத்தைக் காட்டுபவருக்கு அந்தச் செலவும் இல்லை: பாலம் தாண்டியதும் உட்லண்ட்ஸில் ரயில் நின்றுவிடுகிறது.