பூட்டிக் கிடந்த இரும்பு

1896ஆம் ஆண்டு டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அங்கிருந்து அசகான் வரை பரவிய தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். மரம் தழைத்தது, தொழிலாளர் மேனி வெளிறியது. பால்வாளியைச் சுமந்து வரும் வழியில் மூச்சிரைத்து அமர்ந்தவனைச் சோம்பேறி என்று ஏசியவர்களும் உண்டு. அது சோம்பலன்று, சோகை.

ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய சாமுவேல் டார்லிங் குழுவினர் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் சேர்த்தே ஆராய்ந்தனர். அவ்வாறு சேர்த்தது பொருத்தமே. ஆயினும் இரு நோய்களும் தரும் சோகை ஒன்றன்று. கொக்கிப்புழு குருதியை உறிஞ்சுவதால் உடல் இரும்பை இழக்கிறது. சித்த மருத்துவரின் அயச்செந்தூரமாயினும் தோட்ட மருத்துவமனையின் இரும்பு மருந்தாயினும் அங்கே பயன்படும். மலேரியாவோ சிவப்பணுக்களை அழிப்பதோடு நில்லாது, அவற்றின் இரும்பு மீண்டும் பயன்படுவதையும் தடுத்துவிடுகிறது.

நம் உடலில் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். மடிந்த அணுவை மண்ணீரல் முதலிய இடங்களிலுள்ள விழுங்கணுக்கள் சிதைத்து, இரும்பைக் குருதிக்குத் திருப்பித் தரும். புதிய அணுக்களுக்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. உணவிலிருந்து கிடைப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராமே. எஞ்சியதெல்லாம் இம்மீட்பினால் வருவதே. நெடுநாள் அழற்சி நேர்ந்தால் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் மிகுந்து, விழுங்கணுவின் வாயிலை அடைத்துவிடும். களஞ்சியத்தில் நெல்லிருந்தும் உலையேறாத நிலை இது. ஹெப்சிடின் அறியப்பட்டது 2000ஆம் ஆண்டையொட்டித்தான்.

இதற்கு முன்பே வேறோர் இயக்குநீர் அறியப்பட்டிருந்தது. குருதி உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினைச் சிறுநீரகம் சுரக்கிறது. மியாகேயும் கோல்ட்வாசரும் 1977இல், சோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் அளவே அதைத் தூய்மையாகப் பிரித்தனர். பின்னர் மரபணு முறையில் தயாரிக்கப்பட்டு, 1989இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அது தூண்டும் இளம் அணுக்கள் எரித்ரோபெரோன் என்னும் பொருளைச் சுரந்து ஹெப்சிடினைக் குறைக்கின்றன என்பது 2014இல் தெரிந்தது. பூட்டைத் திறக்கும் வேலையிலும் அதற்குப் பங்குண்டு. மலேரியாச் சோகைக்கு இது மருந்தன்று. அங்கே கிருமியை ஒழிப்பதே முறை. அளவு மிஞ்சினால் பக்கவாதம் போன்ற தீங்கும் நேரலாம்.

சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு எரித்ரோபொயட்டின் குறைகிறது; ஹெப்சிடினோ மிகுகிறது. மலாக்கா நகர இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த ஊசி போட்டுக்கொள்வோருள் தோட்டத் தொழிலாளரின் பேரர்களும் உள்ளனர்.