அணிக்கு மரண தண்டனை: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுத்துறையிற் கூட்டுத் தண்டனை

1987ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் டலஸ் நகரிலுள்ள தென் மெதடிஸ்தப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்குத் தண்டனையொன்று விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் போட்டிகள் யாவும் இரத்துச் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டில் ஏழு போட்டிகள் மாத்திரம், அவையும் வெளியூர் மைதானங்களில், ஆட அனுமதிக்கப்பட்டன. தகுதியான அணியொன்றைத் திரட்ட இயலாதெனக் கண்ட பல்கலைக்கழகம் அவ்வாண்டையும் தானே கைவிட்டது. அமெரிக்கர் இதனை 'மரண தண்டனை' என்றே வழங்குவர். மாண்டது அணி. ஆனால் அணி என்பது யாரைக் குறிக்கும் என்னும் வினா அன்று எழுந்தது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

தண்டனை விதித்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பணத்தைக் கண்காணிப்பதற்கெனத் தோன்றியதன்று. 1905ஆம் ஆண்டில் மைதானங்களில் மாணவர் பலர் உயிரிழந்தமையால் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் விளைவாக 1906இல் அது உருவாயிற்று. காலப்போக்கில் மாணவ வீரர் ஊதியம் பெறலாகாது என்ற கொள்கையே அதன் தலையாய காவற்பொருளாயிற்று. 1952–53 பருவத்திற் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட அணி முழுப் பருவமும் ஆடவிடாது தடுக்கப்பட்டது. அவ்வணி அடுத்த பருவத்தில் ஆடிய 25 போட்டிகளிலும் வென்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரே தண்டனை எல்லோருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை.

டலஸில் நடந்தது யாது? 1985இலேயே அவ்வணி மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னரும் பலமுறை தண்டிக்கப்பட்ட அணி அது. ஆயினும் 1985–86 காலப்பகுதியில் 13 வீரர்களுக்கு ஏறத்தாழ 61,000 டொலர் இரகசியமாக வழங்கப்பட்டது. கொடுத்த பணம் வெளியாதரவாளர் ஒருவருடையது. ஆயினும் விளையாட்டுத்துறை அலுவலர் அதனை அறிந்திருந்தனர். முன்னர் வாக்களித்த தொகையை உடனே நிறுத்தினால் வீரர் வாய் திறப்பர் என்ற அச்சத்தால், அவர்கள் படிப்பு முடித்து வெளியேறும்வரை கொடுத்து முடிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. தண்டனை வெளிவந்து ஒரு வாரத்தினுள், முன்னர் பல்கலைக்கழக ஆளுநர் சபையின் தலைவராயிருந்து அப்போது டெக்சஸ் மாநில ஆளுநராய் விளங்கிய பில் கிளெமென்ற்ஸ், அத்தீர்மானத்திற் தமக்கும் பங்குண்டெனப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அவர் 1991வரை மாநில ஆளுநராகவே இருந்தார். பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் பயிற்றுநரும் தீர்ப்புக்கு முன்னரே பதவி விலகிவிட்டனர். எஞ்சியோர் மாணவர். அவர்களுட் பெரும்பாலோர் ஒரு சதமேனும் பெறாதவர். ஏனைய பல்கலைக்கழகத்தார் அவ்வளாகத்துக்கே வந்து, பொருட்சந்தையில் விலைபேசுவார் போல, அவ்விளைஞரை அழைத்துச் சென்றனர்.

மன்னன் பிழைக்காக மதுரையை எரிக்கத் துணிந்த கண்ணகியும் முதியோர், குழவியர் முதலானோரைத் தீண்டாதொழியுமாறு தீக்கு ஆணையிட்டாள் என்பது சிலப்பதிகாரச் செய்தி. சங்கத்தின் தீ அத்தகைய வேறுபாட்டை அறியாதது.

எனினும் சங்கத்தின் தரப்பை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. குற்றம் தனிமனிதர் சிலருடையதாயின் அவர்களை விலக்குதல் போதும். ஆனால் டலஸிற் குற்றம் நிருவாகத்தின் வழக்கமாகவே இருந்தது. ஆட்கள் மாறியும் வழக்கம் மாறவில்லை. நிறுவனம் வெற்றியாலும் வருவாயாலும் பயன்பெற்றது. இழப்பு மாத்திரம் அதனைச் சாரலாகாது என்பது பொருந்தாது. வலிமை வாய்ந்த வாதமே இது. ஆயின் அது நிறுவனத்தின் பணத்தையும் நிருவாகத்தையும் தண்டிப்பதற்கு நியாயம் கற்பிக்கின்றதேயன்றி, இருபது வயது மாணவனின் ஆட்டத்தைப் பறிப்பதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. 2010இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டபோது, குற்றம் நிகழ்ந்த காலத்துத் தலைமைப் பயிற்றுநர் தொழில்முறை அணியொன்றிற் பதவியேற்றுச் சென்றிருந்தார். தடையைச் சுமந்தவர் பின்வந்தோர்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுந்த விவகாரம் 2012இல் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. துணைப் பயிற்றுநராயிருந்த ஜெரி சண்டஸ்கி சிறுவர் துர்ப்பிரயோகம் தொடர்பான 45 குற்றச்சாட்டுகளிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். இது பண விவகாரமன்று. குழந்தைகளைக் காவாத நிறுவனத்தின் மௌனம். சங்கம் தானே விசாரணை நடத்தாது, பல்கலைக்கழகம் நியமித்த குழுவின் அறிக்கையைக் கொண்டு 6 கோடி டொலர் அபராதமும், பருவ இறுதிக் கிண்ணப் போட்டிகளுக்கு நான்காண்டுத் தடையும், புலமைப்பரிசிற் குறைப்பும் விதித்தது. 1998 முதல் 2011 வரையிலான 112 வெற்றிகளும் ஏடுகளினின்று நீக்கப்பட்டன. 1998இல் முதன்முறை பொலிஸ் விசாரணை நடந்தபோது, 2012இல் ஆடிய வீரர் சிறு குழந்தைகள். அபராதப் பணம் துர்ப்பிரயோகத் தடுப்புப் பணிகளுக்கெனக் குறிக்கப்பட்டது. அது குற்றத்தோடு தொடர்புடைய தண்டனை. வெற்றிகளை அழித்தலாற் பாதிக்கப்பட்ட எந்தச் சிறுவனுக்கு யாது பயன் விளைந்தது? சங்கமும் இதனை உணர்ந்தது போலும். 2014இற் கிண்ணப் போட்டித் தடை நீக்கப்பட்டது; 2015 ஜனவரியில் 112 வெற்றிகளும் மீளளிக்கப்பட்டன. அபராதம் நீக்கப்படவில்லை.

டலஸ் அணிக்கு அத்தகைய மீட்சி இலகுவில் வாய்க்கவில்லை. 1989இல் அது அனுபவமற்ற இளைஞருடன் மீண்டும் களமிறங்கியது. ஒரு போட்டியில் ஹூஸ்ற்றனிடம் 95க்கு 21 எனத் தோற்றது. அவ்வாண்டு முதல் 2008வரை தோல்வியினும் வெற்றி மிகுந்த பருவம் அதற்கு ஒன்றே, அது 1997. அதன் பின்னர் முதற்பிரிவின் எந்த அணிக்கும் சங்கம் இத்தண்டனையை விதிக்கவில்லை. தான் செய்தது யாதெனக் கண்டு சங்கமே அஞ்சியது என்பர் பலர்.

இதற்கிடையிற் குற்றத்தின் வரையறையே மாறிவிட்டது. 2021இல் வீரர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் தாமே வீரருக்கு நேரடியாகப் பணம் வழங்குகின்றன. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர் வரை அது அனுமதிக்கப்பட்டுள்ளது. 61,000 டொலருக்காக ஒழிக்கப்பட்ட அணி 2024 டிசம்பரில் தேசிய வாகைத் தொடருக்கு முதன்முறை தெரிவாயிற்று. முதற்சுற்றில் அது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மைதானத்தில், அப்பல்கலைக்கழகத்தையே எதிர்கொண்டு, 38க்கு 10 எனத் தோற்றது. இரு பக்கத்தும் ஆடியோருள் 1987இற் பிறந்திருந்தவர் எவருமிலர்.