இரண்டு டிஸ்க், ஒரே வாசல்: டூயல் பூட் கோளாறுகளின் சிறு வரலாறு

டூயல் பூட் கம்ப்யூட்டரில் வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பிறந்த வருஷம் உண்டு. அந்த வருஷம் தெரிந்தால் பாதி பிரச்சினை தீர்ந்த மாதிரி. தெரியாவிட்டால் கடையில் ஒரே பதில்தான்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்."

விண்டோஸ் ஒரு டிஸ்கில், லினக்ஸ் இன்னொரு டிஸ்கில். தனித்தனி வீடு, சண்டைக்கு வழியே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த இரண்டு டிஸ்குகளும் பகிர்ந்துகொள்கிற சில பொருட்கள் இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொன்றாக, அவை பிறந்த காலத்தோடு பார்ப்போம்.

முதலில் 1983. ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்கோடு வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0 டிஸ்கைப் பல பகுதிகளாகப் பிரிக்க ஒரு ஏற்பாடு செய்தது. அதுதான் எம்பிஆர். டிஸ்கின் முதல் 512 பைட். அதில் பூட் நிரலுக்கு 446 பைட், பகுதிகளின் பட்டியலுக்கு 64 பைட், கடைசி 2 பைட் அடையாள முத்திரை. நான்கு பகுதிக்கு மேல் பட்டியலில் இடமில்லை. அந்த 446 பைட்டில் யார் கடைசியாக எழுதினார்களோ அவர்களே ராஜா. விண்டோஸைத் திரும்ப நிறுவினால் அது தன் நிரலை அங்கே எழுதிவிடும். பக்கத்தில் லினக்ஸ் இருக்கிறதா என்று கேட்காது. லினக்ஸ் அழிந்திருக்காது, டிஸ்கில் அப்படியே இருக்கும். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் போயிருக்கும்.

நம்ம பக்கத்தில் இதைப் பரவலாகப் பார்த்த காலம் 2011-க்குப் பிறகு. அந்த வருஷம் செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதலில் வந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் இருந்தன. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் இங்குள்ள அரசுப் பள்ளிகள் அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் லேப்டாப் ரிப்பேருக்கு இந்தப் பக்கமும் வரும். வைரஸ் என்று யாராவது விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். "பாஸ் காணாம போச்சு அண்ணா" என்பான் பையன். காணாமல் போனது 446 பைட்தான்.

அடுத்த காலகட்டம் யுஇஎஃப்ஐ. 90-களின் கடைசியில் இன்டெல் ஆரம்பித்த வேலை. 2005-ல் பல நிறுவனங்கள் சேர்ந்த பொது அமைப்பின் கைக்கு வந்தது. இதில் 446 பைட் நெருக்கடி இல்லை. டிஸ்கில் ஃபேட் வடிவத்தில் இஎஸ்பி என்று ஒரு சின்னப் பகுதி. ஒவ்வொரு இயங்குதளமும் அதில் தனக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். எந்தக் கோப்பை முதலில் ஓட்டுவது என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது டிஸ்கில் லினக்ஸை நிறுவும்போது, சில நிறுவல் நிரல்கள் ஏற்கெனவே இருக்கும் இஎஸ்பியைக் கண்டுபிடித்து, அதாவது விண்டோஸ் டிஸ்கில் இருப்பதை, அதிலேயே கிரப்பை வைத்துவிடும். உபுண்டுவின் பழைய நிறுவல் நிரலில் இது ரொம்ப நாள் இருந்த புகார்.

காரைக்கால்காரர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டாம். நமக்குத் தலைநகரம் புதுச்சேரி. ஆனால் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் நம் தலைநகரத்தைத் தொட முடியும். ஆட்சி தனி, சாலை அடுத்தவருடையது. அங்கே சாலையை மறித்தால் இங்கே பஸ் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் குடும்பப் பத்திரங்களைப் பல வருஷமாக ஸ்கேன் செய்து விண்டோஸ் டிஸ்கில் வைத்திருந்தார். அவற்றைப் படித்து எழுதும் வேலையெல்லாம் லினக்ஸ் டிஸ்கில். காகிதத்தில் இருந்த சில மூலங்கள் கரையான் அரித்துப் போய்விட்டன. ஸ்கேன் மட்டுமே மிச்சம். சத்தம் வருகிறதே என்று விண்டோஸ் டிஸ்கைக் கழற்றிப் பார்க்கக் கொடுத்தார். மறுநாள் லினக்ஸும் வரவில்லை. "ரெண்டும் போச்சு, ஃபார்மட்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டியதும் லினக்ஸ் வந்தது. முதலில் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்தோம். பிறகு லினக்ஸ் டிஸ்கிலேயே 512 எம்பிக்கு ஒரு இஎஸ்பி உருவாக்கி, கிரப்பை அங்கே நிறுவினோம். இப்போது எந்த டிஸ்கைக் கழற்றினாலும் மற்றது தானாக எழும். புதிதாக நிறுவப் போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி: லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். அவ்ளோதான்.

இரண்டு டிஸ்குக்கும் பொதுவான இன்னொரு பொருள் கடிகாரம். இதன் பிறந்த வருஷம் 1984. ஐபிஎம் பிசி ஏடியில் பேட்டரியோடு கடிகார சில்லு வந்தது. டாஸுக்கு நேர மண்டலம் என்ற எண்ணமே கிடையாது. சுவர்க் கடிகாரத்தில் என்ன மணியோ அதையே எழுதியது. அந்தப் பழக்கத்தை விண்டோஸ் இன்றும் விடவில்லை. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ், சில்லில் உலகப் பொது நேரத்தை வைக்கும். ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் காலை 10 மணி, 4.30 என்று காட்டும். விண்டோஸ் அதைத் திருத்திய பிறகு லினக்ஸுக்குப் போனால், இணையத்தில் சரிபார்க்கும்வரை மாலை 3.30. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஐந்தரையும் 1906 ஜனவரி 1-ல் வந்த இந்திய நேரக் கணக்கு, 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துப் போட்டது. காரைக்காலின் சூரிய நேரம் அதைவிட சுமார் 10 நிமிடம் பின்தங்கியது என்பது வேறு கதை. விண்டோஸையோ லினக்ஸையோ ஏதாவது ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றிவிட்டால் போதும்.

கடைசியாக 2012, விண்டோஸ் 8. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். "ஷட் டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, பாதி உறக்கம். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் டிஸ்கைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து கட்டாயப்படுத்தி எழுத முயன்றால்தான் உண்மையிலேயே கெடும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்தால் தீர்ந்தது.

மற்றது செக்யூர் பூட். கையொப்பம் உள்ள பூட் நிரலை மட்டுமே மதர்போர்டு அனுமதிக்கும். லினக்ஸ் உள்ளே வர ஷிம் என்ற சின்ன நிரல் மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தோடு முன்னால் நிற்கிறது. 2020-ல் கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை வெளிவந்த பிறகு, பழைய பதிப்புகளைத் தடுக்க எஸ்பாட் என்ற முறை உருவானது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் அந்தத் தடைப் பட்டியலைப் புதுப்பித்தது. டூயல் பூட் கணினிகளை விட்டுவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் பல கணினிகளை அது அடையாளம் காணவில்லை. டிஸ்க் தனியாக இருந்தும் பயனில்லை, ஏனென்றால் பட்டியல் இருப்பது மதர்போர்டில். உலகம் முழுக்க "ஷிம் எஸ்பாட் சரிபார்ப்பு தோல்வி" என்ற பிழையோடு லினக்ஸ் நின்றது. ஒரு டிஸ்கிலும் ஒரு கோப்பும் சேதமில்லை.

1739-ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16. ஆனாலும் நெடுங்காட்டிலும் நிரவியிலும் இன்றும் "கொம்யூன் பஞ்சாயத்து" என்றுதான் பலகை. கணினியும் அப்படித்தான். இன்றைய புது வகை டிஸ்கிலும் முதல் 512 பைட்டில் 1983-ன் எம்பிஆர் ஒரு காவலாளாக நிற்கிறது, பழைய மென்பொருள் எதுவும் இது காலி டிஸ்க் என்று நினைத்து எழுதிவிடக் கூடாதே என்று.

ஆகவே, எழவில்லை என்றால் வரிசை இதுதான். பயாஸ் திரையில் இரண்டு டிஸ்கும் தெரிகிறதா? பூட் வரிசை மாறியிருக்கிறதா? இஎஸ்பி எந்த டிஸ்கில் இருக்கிறது? செக்யூர் பூட் தடுக்கிறதா? ஒரு லைவ் பென் டிரைவில் ஏற்றினால் கோப்புகள் தெரிகின்றனவா? தெரிந்தால் முதல் வேலை நகல். ஒரு எச்சரிக்கை: செக்யூர் பூட்டைத் தொடும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே கம்ப்யூட்டரில் சேமிக்காதீர்கள். இத்தனையும் பார்த்து முடித்த பிறகு ஃபார்மட் பற்றிப் பேசலாம்.