சுருக்கத்துக்கு உரை எங்கே? தனித்து வாசிப்பவருக்கு எழுதுதல் குறித்து

'வாசகருக்குப் பொறுமையில்லை, சுருக்கமாக எழுதுங்கள்' என்று இன்று இதழாசிரியர் முதல் ஆய்வு நெறியாளர் வரை சொல்லாதவர் இல்லை. தமிழில் இதற்கு மரபையும் துணைக்கு அழைப்பதுண்டு. குறளைக் காட்டுவார்கள், இலக்கண நூலான நன்னூல் கூறும் பத்து அழகுகளில் 'சுருங்கச் சொல்லல்' முதலில் நிற்பதைக் காட்டுவார்கள். இரண்டு சான்றுகளையும் முழுமையாகப் பார்த்தால் அவை வேறொன்றைச் சொல்கின்றன.

குறட்பா ஏழே சீர்தான். ஆனால் வள்ளுவர் ஒரு பொருளை ஒரு குறளோடு முடித்துக்கொண்டவரல்லர். 133 அதிகாரங்களிலும் பத்துப் பத்துக் குறள்களாக, எடுத்த பொருளைப் பல பக்கமிருந்தும் அணுகுகிறார். குறுகியது பா மட்டுமே. அதற்கும் பதின்மர் உரை செய்தனர் என்கிறது மரபு.

நன்னூலை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அதன் ஆசிரியர் பவணந்தியார் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதலாவதே 'குன்றக் கூறல்'. 'மிகைபடக் கூறல்' அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அத்தோடு நில்லாமல் கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல் ஆகியவற்றையும் தனித்தனிக் குற்றங்களாக எண்ணுகிறார். நீளம் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதை அவர் நான்காகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அழகுகளிலும் சுருங்கச் சொல்லலை அடுத்து நிற்பது 'விளங்க வைத்தல்'. பட்டியலின் முடிவில் நிற்பது விளங்கும் உதாரணம் உடைமை.

நன்னூலின் நூற்பா அவ்வளவு இறுகியிருக்க முடிந்ததற்குக் காரணம், அது தனியாக வாசிக்கப்படவில்லை என்பதே. ஆசிரியர் சொல்வதை மாணவன் நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். எஞ்சிய அரை, பிறர்க்கு எடுத்துரைக்கும்போது கைகூடும் என்று நன்னூலின் பொதுப்பாயிரமே கணக்குச் சொல்கிறது. நூற்பாவின் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு பள்ளியே இருந்தது. உரையை நன்னூல் காண்டிகை, விருத்தி என இரு வகையாக்கியதும் அளவு தெரிந்துதான்: கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்னும் ஐந்தோடு காண்டிகை நிற்கும், விருத்தி அதற்கப்பாலும் விரிந்து செல்லும்.

நன்னூலின் பதவியலில் வினை விகுதிகளைச் சொல்லும் நூற்பாவையே எடுத்துக்கொள்வோம். அன், ஆன், அள், ஆள் என்று விகுதிகள் வரிசையாக நிற்கும். எது எந்தச் சொல்லில் வரும் என்பதற்கு அங்கே ஓர் எடுத்துக்காட்டும் கிடையாது. மனப்பாடத்துக்கு அது போதும். 'நடந்தனன்', 'நடந்தான்' என்று உரை காட்டிய பிறகே மாணவனுக்குப் பொருள் பிடிபடும். 19ஆம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகம் பரவி, ஆசிரியர் இல்லாமலும் ஒருவர் இலக்கணம் படிக்கலாம் என்ற நிலை வந்தபோது ஆறுமுக நாவலர் செய்தது இங்கே கவனத்துக்குரியது. அவர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதினார்; 'இலக்கணச் சுருக்கம்' என்று தனியாக ஓர் உரைநடை நூலும் எழுதினார். பெயர்தான் சுருக்கம். விதியைச் சொன்னதும் உதாரணம் வரும். பகுதி முடிந்ததும் வினாக்கள் வரும். பள்ளியில் ஆசிரியர் செய்த வேலையைப் புத்தகமே ஏற்றுக்கொண்டது.

உ.வே.சாமிநாதையர் வேறு வழி கண்டார். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும் உண்டு. பாட்டை மட்டும் படிக்க வந்தவரை அவை மறிப்பதில்லை. ஒரு புலவரைப் பற்றி அறிய விரும்புபவரைக் கைவிடுவதுமில்லை. விரிவு வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை வாசகரிடம் போய்விட்டது. முழுமைக்கு இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

கைபேசியில் வாசிப்பவருக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். அவரை அவசரக்காரர் என்கிறோம். அவர் தனியாள் என்பதை மறந்துவிடுகிறோம். அருகில் ஆசிரியர் இல்லை, உடன் பயில்வோர் இல்லை. அவரிடம் எடுத்துக்காட்டற்ற முடிவை மட்டும் நீட்டுவது, உரையாசிரியரை விரட்டிவிட்டு நூற்பாவைக் கையில் கொடுப்பதாகும்.

நடைமுறையில் இதுதான் நடக்கிறது. பக்க வரம்பு வந்தவுடன் முதலில் போவது எடுத்துக்காட்டு. முன்னுரையில் சொன்னதை முடிவுரையிலும் சொல்லும் பத்தி மட்டும் பத்திரமாக இருக்கும். ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கூறியது கூறலை முதலில் நீக்குங்கள்; வெற்றெனத் தொடுத்ததையும் மற்றொன்று விரித்ததையும் அடுத்து நீக்குங்கள். அதன் பிறகும் பக்கம் மிஞ்சினால் மட்டும் எடுத்துக்காட்டில் கை வையுங்கள்.