பெயரும் பிறப்பும்: பழங்கம்பளங்களின் மூலங் காணல்

பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றைத் துணிதல் இயலாது. புத்தளக் கரையிலே கரைத்தீவு உண்டு. கிழக்கிலங்கையிலே காரைதீவு உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முன்னர்க் காரைதீவு என்றே வழங்கிற்று. புத்தளத்துக் கரைத்தீவை அடுத்த நீர்ப்பரப்புகளோ ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா என வந்துபோன வணிகரின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. பெயர் வேறு, பிறப்பு வேறு என்னும் இவ்வுண்மை, அவ்வணிகர் கடல்கடந்து கொண்டுசென்ற கைமுடிச்சுக் கம்பளங்களுக்கும் பொருந்துவதாகும்.

கைமாறி வரும் பழங்கம்பளத்துக்குச் சந்தை சூட்டும் பெயர் பெரும்பாலும் அது விற்கப்பட்ட இடத்தின் பெயரே. ‘புகாரா’ எனப்படுபவை துருக்மேனியக் குடிகளின் நெசவு. புகாரா நகரம் அவற்றின் சந்தை. பாரசீக முடிச்சுக்குச் ‘செனே முடிச்சு’ என்றொரு பெயருண்டு. ஆயின் செனே நகரத்து நெசவாளர் இடுவது துருக்கி முடிச்சேயாம். ஒருகாலத்தில் ‘டமாஸ்கஸ் கம்பளம்’ எனப்பட்டவற்றை இன்று அறிஞர் கெய்ரோ நகருக்கு உரியனவாகக் கொள்வர். அவற்றின் கம்பளிநூல் எகிப்திய வழக்கப்படி, ஏனைய நாட்டு நூலுக்கு எதிர்த்திசையில் முறுக்கப்பட்டிருத்தல் அம்முடிவுக்குத் தக்க சான்றாயிற்று.

ஆகவே, மூலங் காண விழைவோன் கம்பளத்தைப் புரட்டிப் பின்புறத்தையே முதலில் நோக்குதல் வேண்டும். பூவேலையைப் பிறர் பார்த்துப் பின்பற்றலாம். கைப்பழக்கத்தை மாற்றுதல் அரிது. துருக்கி முடிச்சு இரு பாவு நூல்களையும் சுற்றி வரும். பாரசீக முடிச்சு ஒன்றை முழுதும் சுற்றி மற்றதன் பின்னே செல்லும். பாவு பருத்தியா, கம்பளியா, பட்டா என்பதும், முடிச்சு வரிசைகளுக்கிடையே ஊடை எத்தனை முறை ஓடுகின்றது என்பதும் அடுத்து நோக்கற்பாலன. கைநெசவில் ஓரக்குஞ்சம் பாவு நூலின் நுனியே. பொறிநெசவிலோ அது பெரும்பாலும் பின்னர்த் தைத்துச் சேர்க்கப்படுவது.

காலத்தைச் சாயம் காட்டும். செயற்கைச் சாயம் 1856 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதலின் அத்தகைய சாயமேறிய மூலமுடிச்சுகளையுடைய கம்பளம் அவ்வாண்டுக்கு முற்பட்டதாகாது. எனினும் பழுதுபார்த்தபோது புதுநூல் சேர்ந்திருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. நெய்த ஆண்டு ஹிஜ்ரி எண்ணாற் பொறிக்கப்பட்டிருப்பின், சில முடிச்சுகளை நீக்கி அதனைப் பழையதாக்கும் சூழ்ச்சியும் உண்டு. ருமேனியாவைச் சேர்ந்த தியோடோர் டுடுக் என்பார் நெய்வித்த போலிகளைப் பெரும் நூதனசாலைகளே மெய்யென நம்பி வாங்கின.

இம்முறையாய்வு தென்னாட்டவர்க்கு மீட்டளித்த செல்வமும் உண்டு. யப்பானின் கியோட்டோ நகரிலே யூலை மாதத்தில் நிகழும் கியோன் திருவிழாவின் ஊர்திகளைப் பழங்கம்பளங்கள் அணிசெய்கின்றன. அவற்றை அவ்வவ்வீதி மக்களே தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். பூவேலையை மட்டும் நோக்குவார் பாரசீகத்தன என்பர். நூலும் நெசவமைப்பும் ஆராய்ந்த அறிஞர், அவற்றுட் சிலவற்றைத் தக்காணத்து நெசவு எனக் கருதுகின்றனர். 1641 முதல் நாகசாக்கியின் தெசிமாவில் வணிகஞ் செய்ய இடம்பெற்ற ஐரோப்பியர் ஒல்லாந்தர் மட்டுமே. அவர்களுக்கு மசூலிப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பண்டகசாலைகள் இருந்தன. கற்பிட்டியிற் கோட்டை எழுப்பியதும் இதே ஒல்லாந்தக் கம்பனியே. கடல்வழி இவ்வாறிருக்க, சோழமண்டலக் கரையினின்று அக்கம்பளங்கள் யப்பானை அடைந்தமை வியப்பன்று.

ஏலூர், மசூலிப்பட்டினம் முதலிய இடங்களின் கம்பள நெசவு பின்னர் நலிந்தது. சிறைச்சாலைகளில் மலிவாக நெய்விக்கப்பட்ட கம்பளங்கள் இந்திய நெசவுக்கு விளைத்த கேட்டினை ஜோர்ஜ் பேர்ட்வுட் 1880 இலேயே எடுத்துரைத்தார். நெசவாளர் தம் பெயரை எழுதிவைத்தது மிக அரிது. அவர்தம் கைப்பழக்கமே அவர் விட்டுச்சென்ற கையொப்பம். சந்தை தந்த பெயரை ஆராயாது ஏற்பின், பொருளின் விலையில் ஏமாறுவதோடு, அதனை நெய்தோரின் வரலாற்றையும் இழந்தவராவோம். பழங்கம்பளம் ஒன்று கைக்கு வருமாயின், அதனைப் புரட்டிப் பார்ப்பதோடு, யார் கையினின்று எப்போது வந்ததென்பதையும் எழுதிவைத்தல் நம் கடனாகும்.