வயிற்றோட்ட வைரசுகளின் உலகப் பரவல்

மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பகைவரைத் தடுத்தற்கு அங்கு வாவி நீரே அரணாயிற்று. மாந்தர் குடலிற் குடிகொண்டு அவர்தம் கைவழியே கடந்து செல்லும் நோய்க்கோ நீரும் அரணன்று, மதிலும் அரணன்று. குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குக் கிணற்று நீரையும் ஈயையும் மட்டுமே பழிப்பது நெடுங்கால வழக்கம். ஆயினும், தூய குழாய்நீர் பெற்ற செல்வ நாடுகளின் குழந்தைகளும் இந்நோயினின்று தப்பினாரல்லர்.

1968இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நோவாக் நகரப் பாடசாலையொன்றில் வாந்தி நோய் பரவிற்று. அதற்குக் காரணமான வைரசைக் கப்பிக்கியன் குழுவினர் 1972இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். மறு ஆண்டு மெல்போனில் உரூத் பிசப்பும் அவர்தம் குழுவினரும் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் இழையத்தில் வேறொரு வைரசைக் கண்டனர். சில்லு வடிவினதாதலின், சில்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அது 'உரோட்டா' எனப் பெயர் பெற்றது. நோவாக் வைரசின் இனத்தைச் சேர்ந்த 'சிட்னி 2012' என்னும் வகை சில மாதங்களுள் கண்டங்கள் பலவற்றில் வேரூன்றியது.

உரோட்டா வைரசின் பரம்பரைப் பொருள் பதினொரு துண்டுகளாக அமைந்தது. இருவேறு வகைகள் ஒரே கலத்துட் புகுமாயின் துண்டுகள் இடம்மாறிப் புதுவகை தோன்றும். மாட்டு வைரசின் துண்டு மனித வைரசிற் கலப்பதும் உண்டு. மாட்டுப்பட்டியும் மனையும் அடுத்தடுத்துள்ள நாட்டில் வாழ்வோர்க்கு இது பெருவியப்பன்று. 1980களில் தில்லியிற் பிறந்த பச்சிளங் குழந்தைகளிடம், நோய்க்குறி ஏதுமின்றியே, இத்தகைய கலப்பு வைரசொன்று அகப்பட்டது. 116இ எனப்பட்ட அதன் ஒரு துண்டு மாட்டினது. ஏனையவை மனித வைரசினவை.

இப்பன்மை குழந்தைகளுக்கு விளைக்கும் இடரை அளந்து காட்டியது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நகரின் வறிய குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்றாண்டு வரை தொடர்ந்து கவனித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளை உரோட்டா பற்றியிருந்தது. மெக்சிக்கோவில் முன்னர் நிகழ்ந்த ஆய்வில், இருமுறை தொற்றிய பின் கடுநோய் வரவேயில்லை. வேலூரிலோ மும்முறை தொற்றிய பின்னும் காப்பு 79 சதவீதமே. 2011இல் வெளியான இம்முடிவு, பிறநாட்டு அளவுகோலை அப்படியே நம்பியிருந்தோரைத் திகைக்க வைத்தது.

தில்லியில் அகப்பட்ட 116இ வைரசே பின்னர்த் தடுப்பு மருந்தாயிற்று. தில்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. முதலாண்டில் உரோட்டாவால் வரும் கடும் வயிற்றோட்டத்தை அது ஏறத்தாழ 56 சதவீதம் குறைத்தது. பாதிதானே என இகழ்வார் உளர். நோய் மலிந்த நாட்டில் அப்பாதி மிகப் பெரிது. 2016இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றது.